4,300 கிலோ எங்கே போகிறது?

2004 டிசம்பர் 26 காலை நடந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. பேரலை வந்து திரும்பிவிட்டது. தாழ்ந்த நிலம் திரும்பவில்லை. சிப்பிகாட், குப்தாபாரா, மஞ்சேரி, வண்டூர் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் கடல்நீர் ஏறி நின்றது. நெல் விளைந்த இடங்கள் பல உவர்ச்சேறாக மாறின. இதன்மேல் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) வண்டூர் படகுத்துறை வரை தார்ச்சாலை உண்டு. சாலையை விட்டுத் தோப்புக்கோ ஓடைக்கரைக்கோ இறங்கும் ஜீப்புக்குத்தான் சோதனை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றாலும் சக்கரத்துக்குப் பிடிமானம் வேண்டும். பிடிமானம் இல்லாத இடத்தில் நான்கும் சேர்ந்து சுற்றி, வண்டியை இன்னும் ஆழமாகப் புதைத்துவிடும்.

அப்போது தேவைப்படுவது விஞ்ச். பழனி மலையில் பக்தர்களை ஏற்றிச் செல்லும் விஞ்ச்சைப் பார்த்தவர்களுக்கு இதன் கொள்கை தெரியும்: உருளை சுற்றுகிறது, வடம் இழுக்கிறது. ஜீப்பின் முன்பக்கத்தில் பொருத்துவது அதன் சிறிய வடிவம். பேட்டரியில் ஓடும் மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரங்கள், உருளை, அதில் சுற்றிய ஏறக்குறைய 25 மீட்டர் வடம். இதை வீட்டு முற்றத்திலேயே பொருத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின்மேல் போட்டிருக்கும் எண்ணைத்தான். 9,500 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 4,300 கிலோ. ஆள், சாமான், டீசலோடு 2,300 கிலோ வரும் ஜீப்புக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் விஞ்ச் வேண்டும் என்பது பொதுவான விதி. 3,450 கிலோ போதும் என்று அந்த விதி சொல்கிறது. கையில் இருப்பதோ 4,300. கவலை இல்லை என்று தோன்றும்.

கவலைப்பட வேண்டும். அந்த 4,300 கிலோவும் சேற்றில் நிற்கும் வண்டிக்கு வந்து சேருவதில்லை. வழியெங்கும் அது குறைந்துகொண்டே வருகிறது. எங்கே எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துகொண்டு பொருத்துபவரின் விஞ்ச்தான் உண்மையில் வேலை செய்யும்.

உருளையிலேயே தொடங்கலாம். வடம் உருளையின் வெறும் பரப்பைத் தொட்டபடி, முதல் அடுக்கில் மட்டும் இருக்கும்போது கிடைக்கும் விசையைத்தான் பெட்டியின்மேல் போடுகிறார்கள். உருளையின் விட்டம் 64 மி.மீ., வடத்தின் தடிமன் 8 மி.மீ. என்று கொண்டால், முதல் அடுக்கில் வடத்தின் நடுக்கோடு உருளையின் மையத்திலிருந்து 36 மி.மீ. தள்ளி இருக்கும். நான்காவது அடுக்கில் அது ஏறக்குறைய 60 மி.மீ. மோட்டார் தரும் திருக்குவிசை ஒன்றேதான். ஆரம் கூடக் கூட இழுவிசை குறையும். 36-ஐ 60-ஆல் வகுத்தால் 0.6. ஆக, வடம் முழுவதையும் சுற்றி வைத்துக்கொண்டு ஐந்து மீட்டர் மட்டும் உருவி, பக்கத்து மரத்தில் மாட்டுபவருக்குக் கிடைப்பது 2,600 கிலோதான்.

சேறு எவ்வளவு கேட்கும்? ராணுவத்தின் மீட்புப் பிரிவுகள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. சக்கரம் புதையும் அளவுக்குச் சேறு என்றால் வண்டியின் எடைக்குச் சமமான விசை வேண்டும். சக்கரத்தின் மேல்மறைப்பு வரை புதைந்தால் இரு மடங்கு. ஓட்டுநர் அறை வரை போய்விட்டால் மூன்று மடங்கு. களிமண் சேற்றில் டயருக்கு அடியில் காற்று புக வழியில்லாததால் உறிஞ்சல் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் எண்கள் இவ்வளவு பெரிதாகின்றன. நம் 2,300 கிலோ ஜீப் மேல்மறைப்பு வரை இறங்கினால் 4,600 கிலோ கேட்கும். பெட்டியின்மேல் இருக்கும் முழு எண்ணே அதற்குப் போதாது. மண்வெட்டி எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் உள்ள சேற்றை வெட்டி அகற்றுவது விஞ்ச்சின் வேலையில் பாதியைக் குறைத்துவிடும். விஞ்ச் வாங்கியவர்கள் மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பக் கூடாது.

இன்னொரு துணை, திறந்து மாட்டக்கூடிய கப்பி. வடத்தை மரத்தில் கட்டிய கப்பியில் நுழைத்து வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து மாட்டினால் இரண்டு இழைகள் வண்டியை இழுக்கின்றன. விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். வடம் நிறைய உருவப்படுவதால் உருளையில் கீழ் அடுக்குக்குப் போய்விடுகிறோம். இழந்த விசையும் திரும்பக் கிடைக்கிறது. பெரிய விஞ்ச் வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கப்பிக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் இரண்டு இழைகளின் இழுவையும் சேர்ந்து அந்த மரத்தின்மேல்தான் விழுகிறது. மரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மின்சாரப் பக்கம்தான் வீட்டில் பொருத்துபவர்கள் மிகுதியாகத் தவறும் இடம். முழுப் பாரத்தில் இப்படிப்பட்ட விஞ்ச் சுமார் 400 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 4,800 வாட். அதே பாரத்தில் வடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர்தான் நகரும். 4,300 கிலோ விசையை அந்த வேகத்தால் பெருக்கினால் 850 வாட்டுக்குக் கிட்டே வரும். ஒரு குதிரைத்திறனைச் சற்றே தாண்டுகிறது. உள்ளே போனது 4,800, உருப்படியாக வெளியே வந்தது 850. மிச்சம் முழுவதும் மோட்டார் சுருளிலும் பல்சக்கரங்களிலும் கேபிளிலும் வெப்பமாகிறது. அதனால்தான் ஒரு நிமிடம் இழுத்தால் சற்று நிறுத்தி ஆறவிட வேண்டும். மோட்டார் உறையைத் தொட்டுப் பார்த்துக் கை தாங்காவிட்டால் பொறுத்திருக்க வேண்டும்.

400 ஆம்பியரை ஆல்டர்னேட்டர் தராது; சாதாரண ஜீப்பில் அது 100 ஆம்பியர் அளவில் நின்றுவிடும். பாக்கி பேட்டரியிலிருந்து வர வேண்டும். 60 ஆம்பியர்-மணி என்று பேட்டரியில் போட்டிருப்பது, 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலியாக்கினால் கிடைக்கும் அளவு. நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் இழுத்தால் ஈய-அமில பேட்டரி அந்த அளவைத் தராது. சில நிமிடங்களில் படுத்துவிடும். எஞ்சினை ஓடவிட்டபடி, சற்று உயர்ந்த வேகத்தில் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

இனி கேபிள். தாமிரத்தின் மின்தடையைக் கொண்டு கணக்குப் போட்டால், 35 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள கேபிள் போகவரச் சேர்த்து 4 மீட்டர் ஓடும்போது 400 ஆம்பியரில் 0.8 வோல்ட் இழக்கிறது. 'இதுவும் தடிமனாகத்தானே இருக்கிறது' என்று கடையில் கிடைத்த 10 சதுர மி.மீ. கேபிளைப் போட்டால் இழப்பு 2.75 வோல்ட். 12-இல் 2.75 போனால் மோட்டார் திணறும். கேபிள் மட்டும் 1,100 வாட் வெப்பத்தைக் கக்கும். அதன் மேலுறை உருகுவதற்கு அது தாராளமாகப் போதும்.

எர்த் இணைப்பைப் பலர் சேஸில் எங்காவது ஒரு போல்ட்டில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். வண்டூரின் உப்புக்காற்றில் இது பெரிய தவறு. துருப்பிடித்த ஓர் இணைப்பில் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் போதும், 400 ஆம்பியரில் அந்த ஒற்றைப் புள்ளியில் 160 வாட் வெப்பம் பிறக்கும். நெகட்டிவ் கேபிளையும் பாசிட்டிவுக்குச் சமமான தடிமனில் நேராக பேட்டரிக்கே கொண்டுபோக வேண்டும். முனையங்களை நெருக்கிப் பதிக்கும் கருவியால் இறுக்கி, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு, மேலே கிரீஸ் தடவி மூடினால் உப்பு உள்ளே போக நாளாகும்.

இந்த கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. ரேடியேட்டர் ஓரத்தில் உரசி உரசி உறை தேய்ந்து தாமிரம் சேஸைத் தொட்டால், பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும், வண்டி தீப்பிடிக்கும். மேலும், விஞ்ச்சை இயக்கும் மின்தொடுப்பான் உப்பாலும் தீப்பொறியாலும் ஒட்டிக்கொண்டால், கையிலிருக்கும் பொத்தானை விட்டாலும் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். விஞ்ச் வேலை இல்லாத நாளெல்லாம் அது அணைந்தே இருக்க வேண்டும். இந்த சுவிட்ச் இல்லாத விஞ்ச்சின் பக்கத்தில் நிற்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வடத்தை உருளையில் கோக்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. டன் கணக்கில் இழுக்கும் வடத்தின் நுனியை உருளையோடு பிணைத்திருப்பது ஒரு சின்னத் திருகாணி. அது எப்படித் தாங்குகிறது? வண்டூர்த் துறையில் ஜாலிபாய்க்குப் போகும் படகைக் கட்டுபவரைப் பாருங்கள். கட்டையில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை ஒரு கையால் பிடித்திருப்பார். அலை இழுத்தாலும் படகு நிற்கும். ஒவ்வொரு சுற்றும் உராய்வால் இழுவையைப் பெருக்கல் முறையில் குறைக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை இதற்குச் சூத்திரம் எழுதினார். உராய்வு எண் 0.15 உள்ள இரும்பு வடத்தை உருளையில் ஐந்து சுற்று விட்டுவைத்தால், திருகாணிக்கு வந்து சேருவது மொத்த இழுவையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. செயற்கை இழை வடம் வழுவழுப்பானது. அதன் உராய்வு எண்ணை 0.07 என்று வைத்தால் அதே ஐந்து சுற்றில் ஒன்பதில் ஒரு பங்கு திருகாணிக்கு வந்துவிடும். அது பிய்த்துக்கொண்டு போகும். அதனால்தான் இரும்பு வடத்தில் ஐந்து சுற்று, இழை வடத்தில் எட்டு முதல் பத்துச் சுற்றாவது எப்போதும் உருளையில் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

இரும்பா, இழையா? தீவுக்கு நான் இழை வடத்தையே சொல்வேன். 25 மீட்டர் இரும்பு வடம் ஆறு கிலோவுக்கு மேல் கனக்கும். மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழை வடம் அதில் நான்கில் ஒரு பங்குகூட இராது, தண்ணீரில் மிதக்கும், துருப்பிடிக்காது. இரும்பு வடம் கடற்காற்றில் உள்ளிழைகளிலிருந்து துருவேறும், வெளியே தெரியாது. ஆனால் இழை வடத்துக்கும் எதிரிகள் உண்டு. வெயில் அதைப் பலவீனமாக்கும். மணல் உள்ளே புகுந்து அறுக்கும். 70 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வலு குறையத் தொடங்கி, 150-க்குள் உருகிவிடும். பல விஞ்ச்களில் பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு வடத்தை விடும்போது அது கொதிக்கும். முதல் அடுக்கு வடம் அதன்மேல்தான் கிடக்கிறது. இழுப்பதைவிடப் பாரத்தோடு இறக்குவதில்தான் இழை வடம் சாகிறது.

இழுக்கும் வேலை இங்கே புதிதல்ல. அந்தமான் காடுகளில் படாக் மரங்களை நெடுங்காலம் யானைகள் இழுத்தன. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலைக்குத் துண்டுகள் வந்து சேர்ந்ததில் அவற்றின் உழைப்பு பெரிது. ஏறக்குறைய அதே காலத்தில், 1881-இல், கலிபோர்னியாவின் ரெட்வுட் மரக் காடுகளில் ஜான் டால்பியர் நீராவியால் ஓடும் விஞ்ச் ஒன்றை உருவாக்கி, மாடுகளின் வேலையை அதற்குக் கொடுத்தார். பின்பு இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய ஜீப்புகளுக்கு உதிரிபாகம் செய்ய 1948-இல் நிறுவனம் தொடங்கிய ஆர்தர் வார்னின் கூடத்திலிருந்து, 1959-இல் சொந்த வண்டிகளுக்கான மின்சார விஞ்ச் வந்தது. யானைக்கும் விஞ்ச்சுக்கும் ஒரு வேறுபாடு மிக முக்கியம். பாரம் எல்லை மீறினால் யானை நின்றுவிடும். மோட்டார் நிற்காது, ஏதோ ஒன்று உடையும் வரை இழுக்கும்.

எது உடையும்? வீட்டில் பொருத்தியதில் பெரும்பாலும் வண்டிக்கும் விஞ்ச்சுக்கும் நடுவே உள்ள தாங்கு தகடும் போல்ட்டுகளும்தான். பம்பரின் மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டு மாட்டுவது தற்கொலைக்குச் சமம். ஆறு மி.மீ. எஃகுத் தகடு, அதிலிருந்து சேஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் போகும் தாங்கிகள், 8.8 தரம் என்று தலையில் பொறித்த போல்ட்டுகள், அவற்றை அளவு காட்டும் ஸ்பானரால் குறித்த அளவுக்கு இறுக்குவது: இவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வெல்டிங் வேண்டுமென்றால் தேர்ந்த கைக்குக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் வண்டியின் மின்னணுப் பாகங்கள் போய்விடும். அலுமினிய உறையும் எஃகு போல்ட்டும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். நடுவே காப்புப் பசை தடவ வேண்டும்.

விஞ்ச்சும் தகடும் சேர்ந்து 60 கிலோ என்போம். முன்அச்சுக்கு 70 செ.மீ. முன்னால் அது தொங்குகிறது. 2,450 மி.மீ. அச்சிடைவெளி கொண்ட 'தார்' என்ற ஜீப் வகையில் இது முன்அச்சின்மேல் 77 கிலோவாக இறங்கும். பின்அச்சிலிருந்து 17 கிலோவைத் தூக்கிவிடும். முன்ஸ்பிரிங் தாழும், ரேடியேட்டருக்குக் காற்று குறையலாம், காற்றுப்பை உள்ள வண்டியில் மோதலை உணரும் அமைப்பின் கணக்கும் மாறலாம்.

இங்கே சட்டமும் நுழைகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், அனுமதியின்றி முன்னால் பொருத்தும் தடுப்புக் கம்பிகள்மேல் நடவடிக்கை எடுக்க மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் கேட்டுக்கொண்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நடந்துபோகிறவரின் முழங்கால் மேல் மோதும் இரும்பு எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு நியாயமே. போல்ட் வாங்கும் முன்பே போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டாரிடமும் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். தேவைப்படும்போது மட்டும் மாட்டி, பிறகு கழற்றி உள்ளே வைக்கும் தாங்கி எனக்குப் பிடித்த வழி. எடை தினமும் தொங்காது, கடற்காற்றும் தினமும் படாது. ஆனால் அதற்கும் அனுமதியைக் கேட்டே ஆக வேண்டும்.

வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணால் பார்க்கலாம். மூன்று டன் விசையில் 25 மீட்டர் இரும்பு வடம் முப்பது செ.மீ.க்கு மேல் நீளக்கூடும். அந்த நீட்சியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஐயாயிரம் ஜூல் அளவில் இருக்கும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஏழு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அறுந்த நொடியில் அது முழுவதும் ஒரு கொக்கியோடு பறந்து வரும். வடத்தின் நடுவில் கனமான சாக்கையோ ஈரப் போர்வையையோ போட்டு வைத்தால் அதன் வேகம் அடங்கும். வடத்தைத் தாண்டுவது, பக்கத்தில் நிற்பது இரண்டுமே கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வடத்தின் நீளத்தைவிட இன்னும் பாதி தள்ளி நிறுத்துங்கள்.

கடைசியாக மரம். மழைக்காட்டின் பெருமரங்கள் மெல்லிய மேல்மண்ணில் வேரைப் பரப்பி, பலகை வேர்களை ஊன்றி நிற்பவை. படாக்கும் அப்படித்தான். நனைந்த மண்ணில் பக்கவாட்டில் நாலைந்து டன் இழுத்தால் எல்லா மரமும் தாங்காது. பட்டையை ஒவ்வொரு மரமும் தனக்கு உயிர் கொடுக்கும் திசுவின்மேல் போர்த்தியிருக்கிறது. வெறும் வடத்தைச் சுற்றி இழுத்தால் அந்தப் பட்டை வளையமாக அறுபட்டு மரம் நின்றபடியே காயும். 75 மி.மீ. அகலத் துணிப்பட்டையைத்தான் கட்ட வேண்டும், அதையும் தரையோடு ஒட்டி. இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டினால் அரை மீட்டரில் கட்டுவதைப்போல் நான்கு மடங்கு நெம்புவிசை வேரை நோக்கிப் போகும். சுனாமிக்குப் பிறகு வண்டூர்க் கரையில் வெளிறி நிற்கும் பட்ட மரங்களில் வடம் மாட்டக் கூடாது. அலையாத்தி மரத்தை நினைத்தே பார்க்கக் கூடாது. நிலம் தாழ்ந்தபோது பட்டுப்போனவை போக மிஞ்சியவை அவை. அவற்றின் வேர்தான் இந்தக் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவும் லோகாபாரக் முதலைச் சரணாலயமும் பக்கத்திலேயே இருக்கின்றன. உவர்நீர் முதலை உலவும் ஓடையில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை எந்த வண்டிக்காகவும் யாரும் செய்ய வேண்டாம்.

மரமே இல்லாத இடத்தில் உபரிச் சக்கரம் கைகொடுக்கும். இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீளக் குழி வெட்டி, பட்டையைச் சக்கரத்தின் நடுவில் கட்டி, சக்கரத்தை நிமிர்த்திக் குழியின் வண்டிப்பக்கச் சுவரோடு சாய்த்து வைக்க வேண்டும். பட்டை சாய்வாக வெளிவர ஒரு சிறு வாய்க்காலும் வெட்டிவிட்டு, மண்ணை மிதித்து மிதித்து மூட வேண்டும். முன்னால் உள்ள மண் முழுவதும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். களிமண்ணில் நன்றாக நிற்கும். உலர்ந்த மணலில் இன்னும் ஆழம் கேட்கும். இதற்கு ஒரு மணி நேரம் கூட ஆகலாம். ஓடைக்கரையில் சிக்கியிருந்தால், பெருநீர் நாட்களில் கடல் இங்கே இரண்டு மீட்டர் வரை ஏறும் என்பதால், ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் தோண்டத் தொடங்க வேண்டும். வண்டி வெளியே வந்ததும் குழியை மூடி, வீடு சேர்ந்ததும் வடம் முழுவதையும் உருவி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, 200 கிலோ அளவுக்காவது இழுவை கொடுத்தபடி ஒழுங்காகத் திரும்பச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய வடம் அடுத்த இழுப்பில் கீழ் அடுக்குகளுக்குள் புதைந்து நசுங்கும்.